இடது பின்கதவு

1

டிசம்பர் இருபத்தாறாம் தேதிக்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. பாக்சிங் டே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடைகள் எல்லாம் விலையைக் குறைத்துப் போடும். விடியும் முன்பே ஜனங்கள் பனியில் வரிசையாக நிற்பார்கள். மற்ற நாட்களில் நாலு தரம் எழுப்பினாலும் எழுந்திருக்காத என் மகன் ரோஷன் அன்றைக்குத் தானாகவே எழுந்து, ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். நான் போனை எடுத்துக்கொண்டு அடித்தள அறைக்குப் போவேன். குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடற்கரை ஊரில் அப்போது இரவு ஆகியிருக்கும். பூசை முடிந்து, அக்கா வீட்டுக்கு வந்திருப்பாள்.

இந்த வருடம் ரோஷனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. என் கார் கராஜில் கிடந்தது. பழைய கார். பனிக்காலத்தில் ரோடு வழுக்காமல் இருக்க இங்கே உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கராஜ்காரர் போனில் வரிசையாகச் சொன்னார். பிரேக் தேய்ந்துவிட்டது, புகைக்குழாய் இற்றுவிட்டது, சூடேற்றி வேலை செய்யவில்லை, ஒரு பக்கத்துத் தகடு ஓட்டையாகிவிட்டது. எதைச் செய்ய, எதை விட என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ரோஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாட், வேற ஒருத்தர் கார்னா நீங்க ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணிருப்பீங்க" என்றான், ஆங்கிலத்தில்தான்.

அவன் சொல்வது உண்மை. என் பிழைப்பே அதுதான். நாகர்கோவிலில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, வளைகுடாவில் ஒர்க் ஷாப்பில் இருந்து, பிறகு கனடாவுக்கு வந்து ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். மோதிய வண்டி, எரிந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி எல்லாவற்றையும் பார்த்து, ரிப்பேர் செய்யலாமா, தள்ளிவிடலாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு வண்டியைப் பற்றி "இந்தக் கார் காலமாகிவிட்டது" என்று அர்த்தம் வரும்படி எழுதிவிட்டேன். நம் ஊர் இங்கிலீஷ் பேப்பரில் சாவுச்செய்தியில் வரும் அதே 'எக்ஸ்பயர்ட்' என்ற வார்த்தை. மேனேஜர் அதை உரக்கப் படிக்க ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

கார் இல்லாததால் ரோஷன் சலிப்போடு வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். படியிறங்கும் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோவுக்கு முன்னால் நின்றான். வெள்ளை அம்பாசிடர் கார். அதன் பானட்டில் ஏறி உட்கார்ந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை.

"இது யாரு?" என்றான்.

அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு விடுமுறை முழுக்க அவனை இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள். மணலில் கால் சுடும் என்று அவனுக்குத் தன் செருப்பைப் போட்டுவிட்டுத் தான் குதித்துக் குதித்து நடந்தவள்.

"ஷைனி" என்றேன். "உன் அத்தை மகள்."

"ஓ, அந்த சுனாமில..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். பிறகு, "அந்தக் கார் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

பதினாறு வயதுப் பையனுக்குக் காரைப் பற்றிக் கேட்பதுதான் சுலபம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதிக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

2

அந்தக் கார் என் அத்தானுடையது. அக்கா பிலோமியின் கணவர், பெயர் அருளப்பன். அவர் குடும்பத்தில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவருக்கு மட்டும் படகில் ஏறினால் தலை சுற்றி வாந்தி வரும். அதனால் சின்ன வயதிலேயே டிரைவிங் கற்றுக்கொண்டார். ஊர் சிரித்தது. பிறகு அதே ஊர், பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கும் அவரைத்தான் கூப்பிட்டது. நான் முதல் முதலாக நாட்டைவிட்டுப் போனதும் அந்தக் காரில்தான்.

வண்டி அப்போதே பழசு. எதை உடனே சரிசெய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பதில் அத்தானுக்கு ஒரு கணக்கு இருந்தது. பிரேக், டயர், லைட் மூன்றையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டார். "ஆளுக்கு ஆபத்து வாறத முதல்ல பாக்கணும் மக்கா. பவுசு எல்லாம் பெறவு" என்பார். கிழிந்த சீட், மங்கிப்போன பெயின்ட், பாடாத ரேடியோ, எல்லாம் பவுசுக் கணக்கில் சேர்ந்தவை.

இடது பின்கதவின் உள்கைப்பிடியும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. உள்ளே ஒரு கம்பி ஒடிந்துவிட்டதால் அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அத்தான் இறங்கிச் சுற்றிவந்து, வெளியே நின்று திறந்துவிடுவார். கன்னியாகுமரி பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். அத்தானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். சபரிமலை சீசன் முடியட்டும், வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டுவிடலாம் என்று வைத்திருந்தார். கார்த்திகை, மார்கழியில்தான் வாடகை கிடைக்கும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்திப்போட யாருக்குத்தான் மனசு வரும்?

ஷைனிக்கு அந்தக் கதவு விளையாட்டாகிவிட்டது. அது அவளுடைய இடம். வண்டி நின்றதும் மற்றவர்கள் எல்லாம் இறங்கிவிட, அவள் மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"டிரைவர், டோர்!" என்று அதட்டுவாள்.

அத்தான் ஓடிவந்து திறப்பார். சில நேரம் வேண்டுமென்றே தாமதம் செய்வார். அவள் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, தானே திறந்துகொண்டு இறங்கி, "உம்மள வேலையிலேருந்து நிறுத்தியாச்சு" என்பாள். அவள் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

3

இரண்டாயிரத்து நான்கில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து திற்பரப்பு அருவிக்குப் போவதாகத் திட்டம். அக்கா அடுக்களையில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் காரை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சோடா வாங்க மேட்டில் இருக்கும் சந்திப்புக்கு நடந்தார். ஷைனி முதல் ஆளாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவுதான் அத்தானுக்குத் தெரியும். திரும்பி வரும்போது ஊர் இல்லை.

அக்காவைப் பக்கத்து வீட்டின் இடிந்த மாடிக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். வலது தோள் இறங்கியிருந்தது. ஷைனியை ஊருக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் சகதியில் கண்டெடுத்தார்கள். கார் பள்ளிக்கூட மதிலில் மோதி நின்றது. உள்ளே கூரை வரைக்கும் மணல். இடது பின்கதவு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கண்ணாடி இல்லை.

இங்கே டிவியில் எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது ஷைனியைக் கோயிலுக்குப் பக்கத்தில் மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். லீவும் டிக்கெட்டும் கிடைத்து நான் போய்ச் சேர ஜனவரி பாதி ஆகிவிட்டது. ஏர்போர்ட் வாசலில் வழக்கமாக அத்தான் நிற்கும் தூணைப் பார்த்தேன். வேறு யாரோ ஒருவர் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். நான் பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

அக்காவும் அத்தானும் தகரக் கொட்டகை முகாமில் இருந்தார்கள். அக்கா வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் அத்தான் கதறினார். அக்கா அழவில்லை. "வந்தியா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு உட்காரப் பாய் விரித்தாள். ஒற்றைக் கையால்.

மறுநாள் அத்தானோடு நிவாரண ஆபீசுக்குப் போனேன். ஒரே மேஜையில்தான் எல்லாம் எழுதினார்கள். வீடு, வள்ளம், வலை, வாகனம், ஆள். எழுதியவர் ஷைனியின் பெயரை 'சைனி' என்று எழுதினார். அத்தான் திருத்தச் சொன்னார். எழுதியவர் களைத்துப்போயிருந்தார். எத்தனை நாளாக அந்த நாற்காலியில் இருந்தாரோ. "பெறவு திருத்திக்கலாம்ணே, வண்டிக்கெ ஆர்.சி. புக்கு இருக்கா?" என்று கேட்டார். அது கடலோடு போய்விட்டது. அத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வண்டிக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ளைக்கெ பேர மட்டும் ஒழுங்கா எழுதும்" என்றார்.

4

வண்டிக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவர், அதை அப்படியே விட்டுவிடவில்லை. லாரியில் கட்டி இழுத்து, திங்கள்சந்தையில் மெக்கானிக் ராஜனின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். ரிப்பேர் செய்யப் போகிறேன் என்றார்.

உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டியை எங்கள் கம்பெனியில் இரண்டாம் முறை பார்க்கக்கூட மாட்டோம். வயர் எல்லாம் உள்ளுக்குள் பச்சை பிடித்துப் பொடிந்துவிடும். எஞ்சின் இறுகிவிடும். இன்று ஓடினாலும் நாளை நடுவழியில் நின்றுவிடும். இதை எல்லாம் அத்தானிடம் மெதுவாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "நீ ஒருக்கா வந்து பாரு" என்றார்.

அக்காவின் தோளைக் காட்ட நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆட்டோவை அங்கே நிறுத்தினோம். அக்கா இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரைக் கண்ணால் பார்க்கக்கூட அவளுக்கு முடியவில்லை என்று நினைத்தேன். அவளை ரோட்டோரம் ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

ராஜன் மணலை எல்லாம் அள்ளியிருந்தார். அந்த வண்டியைப் பல வருடமாகப் பார்த்தவர். அத்தானைப் பார்த்துப் பேச அவருக்கே கூச்சமாக இருந்தது.

"எஞ்சின எறக்கித்தான் பாக்கணும்ணே. வயரிங் மொத்தமும் மாத்தணும். அடித்தகடு போயாச்சு. எதச் செய்யணும், எத விடணும்னு நீங்கதான் சொல்லணும்."

"முதல்ல அந்த டோரு" என்றார் அத்தான்.

ராஜன் என்னைப் பார்த்தார். எஞ்சினே ஓடாத வண்டிக்குக் கதவு எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அத்தான் என் பக்கம் திரும்பினார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. "மக்கா, நீ அங்க ஒடஞ்ச வண்டியப் பாத்துச் சொல்லுத வேலதானே செய்யுத? இதப் பாத்துச் சொல்லு. தண்ணி வரும்போ இந்தக் கண்ணாடி எறக்கியிருந்துதா, ஏத்தியிருந்துதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் காரை ரிப்பேர் செய்ய அங்கே கொண்டுவரவில்லை. கண்ணாடி இறக்கியிருந்தால் ஷைனி கையை வெளியே விட்டுத் திறந்து இறங்கியிருப்பாள். பிறகுதான் கடல் அவளைப் பிடித்திருக்கும். கண்ணாடி ஏற்றியிருந்தால், அவள் உள்ளே இருந்து, அப்பா வந்து திறப்பார் என்று காத்திருந்திருப்பாள். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவருக்கு உறக்கம் இல்லை.

"வேண்டாம் அத்தான்" என்றேன்.

"சொல்லு மக்கா. நீ சொன்னா நான் நம்புவேன்."

ராஜனிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கி, கதவின் உள்பலகையைக் கழற்றினேன். உள்ளே இருந்து மணல் கொட்டியது. கண்ணாடி உடைந்து போனாலும் அதைத் தாங்கிப்பிடிக்கும் இரும்புப் பட்டை உள்ளேயே இருக்கும். கண்ணாடி கடைசியாக எங்கே இருந்ததோ அங்கேயே அதுவும் நிற்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டிரைவருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அவரே குனிந்து பார்த்துவிட்டார்.

பட்டை மேலே நின்றது. கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்திருக்கிறது.

"ஏத்தித்தான் இருந்திருக்கு, இல்லியா?" என்றார்.

"ஆமா அத்தான்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுத முடியாது. "கூப்பிட்டிருப்பா. டோருன்னு கூப்பிட்டிருப்பா. சோடா வாங்கப் போனேன், பாவி... சீசன் முடியட்டும்னு வச்சேன்..." கதவில் தலையை மோதினார். நானும் ராஜனும் பிடித்து இழுத்தோம். எங்கள் இரண்டு பேர் பலத்துக்கும் அவர் அடங்கவில்லை.

அப்போது அக்கா ஷெட்டுக்குள் வந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள்.

அவர் நிறுத்தவில்லை. அக்கா அவருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க. அவ அந்தக் கதவுல எறங்கல. மத்தப் பக்கத்துக் கதவுல எறங்கி வந்தா. சத்தம் கேட்டு நான் நடைக்கு வந்தேன். அவ எறங்கி ஓடி வந்தா. எனக்கெ கிட்ட வந்துட்டா."

அத்தான் அவளை வெறித்துப் பார்த்தார்.

"எனக்கெ கையப் பிடிச்சா. நான் அவளுக்கெ கையப் பிடிச்சேன். ரெண்டு பேரையும் தண்ணி தூக்கிட்டுப் போச்சு. அந்தக் கம்பியில நான் தொங்கினேன். ஒத்தக் கையால அவளப் பிடிச்சிருந்தேன்." அக்காவின் குரல் உடையவே இல்லை. "எனக்கெ கையிலேருந்துதான் போனா."

ஷெட்டுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஏன்ட்டி சொல்லல?" என்றார் அத்தான்.

"நீங்க கதவு கதவுன்னு அழுதிய. எனக்கு வாயி தொறக்கல. எப்பிடிச் சொல்லுவேன்? பெத்தவ கையிலேருந்து போச்சுன்னு எப்பிடிச் சொல்லுவேன்? கதவாவே இருந்துட்டுப் போட்டும்னு நெனச்சேன்."

நான் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை தப்பாக வந்திருந்தால் அக்கா அப்படியே செத்துப்போயிருப்பாள்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

அக்கா தொட்டிலில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தாள்.

அன்று காலையில்தான் டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். விழுந்ததால் இறங்கிய தோள் மாதிரி தெரியவில்லை, ஏதோ பெரிய பாரம் இழுத்து இறங்கின மாதிரி இருக்கிறது என்று. அத்தானுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. முழங்காலில் நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"தோளு எறங்குற வரைக்கும் விடலியாட்டி?"

"விடல" என்றாள் அக்கா. "நான் விடல. அவதான் போனா."

அத்தான் அந்தக் கையைத் தொட்டிலோடு சேர்த்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜனவரி பாதிவரை அழாதிருந்த என் அக்கா அப்போதுதான் அழுதாள்.

5

கிளம்பும்போது ராஜன் வந்து, வண்டியை என்ன செய்ய என்று கேட்டார். அத்தான் திரும்பிப் பார்க்காமலேயே, "எடுத்துப் போட்டுரு" என்றார். அடுத்த வாரம் பழைய இரும்பு எடுப்பவர்கள் வந்து கொண்டுபோனார்கள். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. லீவு முடிந்து இங்கே வந்த முதல் நாள் என் மேஜையில் ஒரு வெள்ளத்து வண்டியின் போட்டோக்கள் இருந்தன. அதை வேறு ஒருவருக்குக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். காரணம் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னபோது அது யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

கடலை விட்டுத் தள்ளி அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்கள். அத்தான் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனைத் திருப்பிச் செய்து தருகிறோம் என்று டாக்டர்கள் வந்தார்கள். எங்கள் ஊரிலேயே சில வீடுகளில் அப்படி மறுபடியும் தொட்டில் ஆடியது. நான் போனில் அக்காவிடம் பேசிப் பார்த்தேன். "இனி ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு நிக்க எனக்கு பெலமில்ல மக்கா" என்றாள்.

இதை எல்லாம் ரோஷனிடம் சொல்லும்போது அவன் கையிலிருந்த போனைக் கீழே வைத்திருந்தான். முடித்ததும், "அத்தை கிட்ட நான் பேசலாமா?" என்று கேட்டான். 'சுகமா இருக்கீங்களா அத்தே' என்பதைத் தவிர அவனுக்குத் தமிழில் ஒன்றும் சரியாக வராது. அதைத்தான் கேட்டான். அந்தப் பக்கம் அக்கா என்னவெல்லாமோ சொன்னாள். அவனுக்குப் பாதி விளங்கியிருக்காது. எங்கள் ஊர்ப் பேச்சு மற்ற தமிழர்களுக்கே பாட்டு மாதிரி கேட்கும். அவன் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டு நின்றான். கராஜ்காரருக்கு மறுநாள் போன் செய்து, பிரேக்கை மட்டும் மாற்றுங்கள், மற்றது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று ரோஷன் பேசி முடித்ததும் போன் என் கைக்கு வந்தது. பத்தாவது வருடம் என்பதால் பூசைக்குக் கூட்டம் அதிகமாம். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான் நிற்பது வழக்கம். கல்லறையில் நடக்கும் பூசையிலும் அப்படித்தான். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அத்தான் பெண்கள் பக்கத்தில், அக்காவுக்கு வலது புறம், அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். எல்லா வருடமும். ஊர்க்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

இந்த வருடம் பூசைக்கு உதவும் உபதேசியார் புதிது. வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. மெழுகுதிரி கொடுத்துக்கொண்டே வந்தவர் அத்தானைக் கண்டு, "அண்ணாச்சி, ஆம்பிளைங்க அந்தப் பக்கம்" என்று சொல்லி ஒரு திரியை நீட்டினாராம். அத்தான் அசையவில்லை, திரியையும் வாங்கவில்லை.

"பெறவு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

பக்கத்தில் அத்தான் இருமுவது கேட்டது.

"'கை ஒழிவில்ல'ன்னாரு" என்றாள்.